எட்டு வீட்டு வக்கீல்

எங்கள் சந்தைப்பேட்டை வீதியில் ஒரே நாய் ஒரே நேரத்தில் எட்டு வீடுகளில் இருந்த சங்கதியைச் சொன்னால், அதெப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் எங்களையே மேலும் கீழும் பார்க்கிறார்கள். அப்படி ஒரு கேள்வி அன்றைக்கு எங்களில் யாருக்கும் தோன்றவே இல்லை, ஏனென்றால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று எங்கள் தொண்டையில் முள்ளாக நின்றுகொண்டிருந்தது: உங்களை நம்பித்தான் நாயை விட்டுவிட்டுப் போகிறேன் என்று எங்கள் வீட்டில் வந்து கண் கலங்கச் சொன்ன கருணாம்பிகை, அதையே எந்த வாயோடு மற்ற ஏழு வீட்டிலும் போய்ச் சொன்னாள்? இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கிறது.

கருணாம்பிகையின் வீட்டுக்காரர் மௌனகுருசாமி சினிமாப் படப்பிடிப்புக்குக் கேரவன் ஓட்டுகிறவர். தென்னந்தோப்பும் வாய்க்காலும் மலையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி படம் எடுக்கவேண்டும் என்றால் பொள்ளாச்சிப் பக்கம்தான் வருவார்கள், வருகிற நடிகர்கள் வெயிலுக்குப் பயந்து ஏறிப் படுத்துக்கொள்ள ஒரு வண்டி வேண்டும். கட்டிலும் ஏசியும் குளியலறையும் சுற்றிலும் பல்பு எரிகிற ஆளுயரக் கண்ணாடியும் வைத்த அந்த நீள வண்டியை இருபது வருடம் ஓட்டியும், மனுசன் ஒரு நாள்கூட அதன் கட்டிலில் படுத்ததில்லை, ஸ்டீயரிங் மேல் தலையைச் சாய்த்துத்தான் தூங்குவார். கருணாம்பிகையோ அந்த வண்டிக்குள் காலே வைத்ததில்லை. இருபது வருடமாகத் தன் புருசனைத் தூக்கிக்கொண்டு போய்த் தூக்கிக்கொண்டு வருகிற அந்த வெள்ளை வண்டிக்குள் என்னதான் இருக்கிறதென்று பார்க்கவேண்டும் என்பது அவளுடைய ஒரு ஆசை, கடலைப் பார்க்கவேண்டும் என்பது இன்னொரு ஆசை. நாற்பத்தாறு வயது வரைக்கும் இரண்டும் நடக்கவில்லை.

அந்த வருடம் ஐப்பசி மழை நிற்காமல் பெய்து படப்பிடிப்பெல்லாம் நின்றுபோக, வண்டி முதலாளி சாவியை மௌனகுருசாமி கையில் கொடுத்து, "சும்மா நின்னா பேட்டரி செத்துப்போயிரும், ஊட்டுக்காரியக் கூட்டீட்டு ஒரு பத்துப் பதினஞ்சு நாள் எங்கியாச்சும் சுத்தீட்டு வாப்பா" என்று சொல்லிவிட்டார். பழனி, மதுரை, திருநெல்வேலி என்று மெதுவாக உருட்டிக்கொண்டு போய்த் திருச்செந்தூரில் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். சமைக்க அடுப்பு, மாற்றுத்துணி, முறுக்கு, ஊறுகாய் எல்லாம் ஏறியாயிற்று. நாயை என்ன செய்வது என்பதுதான் பாக்கி.

நாயின் பெயர் வக்கீல். யார் எது சொன்னாலும் ஒரு பதில் குரைக்காமல் விடாது என்பதால் அந்தப் பெயர். படப்பிடிப்பில் ஒரே ஒரு காட்சிக்காக வாங்கிவந்து, காட்சி முடிந்ததும் யாரும் திரும்பிப் பார்க்காமல் விட்டுப்போன குட்டியை மௌனகுருசாமி ஆறு வருடத்துக்கு முன்னால் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். பிள்ளையில்லாத வீட்டில் அது பிள்ளையாகவே வளர்ந்தது. தன்னைக் கொண்டுவந்த மனுசனை மாதக்கணக்கில் விழுங்கிவிட்டுப் பிறகு துப்புகிற மிருகம் என்று கேரவனைப் பற்றி அதற்கு ஓர் எண்ணம், அதனால் வண்டியைக் கண்டாலே உடம்பெல்லாம் நடுங்கிப் படுத்துவிடும். பிஸ்கட் காட்டியும் பார்த்தார்கள், தூக்கியும் பார்த்தார்கள், படியிலேயே ஒன்றுக்குப் போய்விட்டது. கூட்டிக்கொண்டு போகிற பேச்சு அத்தோடு முடிந்தது.

இங்கே ஒரு பழைய மனத்தாங்கலைச் சொல்லவேண்டும். கருணாம்பிகைக்கு நேர் எதிர்வீடு அவளுடைய ஓரகத்தி நாகரத்தினத்தின் வீடு, அதாவது மௌனகுருசாமியின் அண்ணன் பெண்டாட்டி. ஏழு வருடத்துக்கு முன்னால் கருணாம்பிகை வீடு கட்டிப் புதுமனை புகுந்தபோது ஊரெல்லாம் தட்டெடுத்துப்போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவள், எதிர்வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அக்கா நம் சொந்தம், முன்னால் நின்று நடத்தவேண்டியவளே அவள்தான், அவளைப் போய் யாராவது விருந்தாளி மாதிரி அழைப்பார்களா என்று நினைத்து, முதல் நாள் சாயங்காலம் போனில், "அக்கா, காத்தால வெள்ளன வந்துருங்" என்று மட்டும் சொன்னாள். நாகரத்தினம் விடிவதற்கு முன்னால் குளித்துப் பட்டுடுத்திப் பூ வைத்து, யாராவது வாசலுக்கு வந்து ஒரு வார்த்தை கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தாள். மேளச்சத்தம் கேட்டது, பந்தியில் பேர் சொல்லிச் சொல்லிப் பரிமாறுகிற சத்தம் கேட்டது, யாரும் வரவில்லை. புருசன் தம்பி வீட்டுப் பந்தியில் நிற்க, மத்தியானம் இவள் அதே பட்டுப்புடவையோடு தனியாகப் பழையசோறு சாப்பிட்டாள் என்பார்கள். அன்றைக்கு நின்ற பேச்சுதான். நான்கு வருடத்துக்கு முன்னால் அவள் புருசன் இறந்தபோது, துக்கத்துக்கு அழைப்பு வேண்டாம் என்பதால் கருணாம்பிகை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதாள், அழுது முடித்து இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் பிரிந்தார்கள்.

அந்தச் சூட்டில்தான் கருணாம்பிகை அழைக்கிற விசயத்தில் இப்படி ஆகிப்போனாள். சத்யநாராயண பூஜை என்றாலும் சரி, வீட்டில் ஒரு பலாப்பழம் அறுத்தாலும் சரி, வீடு வீடாக நேரில் வந்து சொல்லாமல் இருக்கமாட்டாள். நாயைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும் தட்டோடு கிளம்பினாள். தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு பூவன்பழம், ஒரு பொட்டலம் நாய் பிஸ்கட். ஒருத்தரைக் கேட்டு இன்னொருத்தரைக் கேட்காவிட்டால் மனத்தாங்கல் வருமே என்று ஒரு பயம், எப்படியும் எட்டு வீட்டில் ஏழு வீடு ஏதாவது சாக்குச் சொல்லும், ஒன்றாவது தேறட்டும் என்று ஒரு கணக்கு. அவள் மறந்தது என்னவென்றால், எங்கள் பக்கத்தில் தட்டோடு வந்தவர்களின் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்கிற பழக்கம் யாருக்கும் இல்லை.

"அதென்னுங்க, இதுக்குப் போயி தட்டெல்லாம்? நம்மூட்டுப் புள்ளையாட்டம் பாத்துக்கறமுங்" என்று பால் சொசைட்டி ஈஸ்வரமூர்த்தி சொன்னார். பேக்கரி வர்கீஸ் சொன்னார், ஜமீலா டீச்சர் சொன்னாள், என் வீட்டுக்காரி பழனாத்தாள் சொன்னாள், எட்டு வீட்டிலும் அப்படியே சொன்னோம். எதிர்வீட்டுக்கு மட்டும் அவள் போகவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு நாகரத்தினத்தின் பச்சைக் கேட் வரைக்கும் போய், கொஞ்சம் நின்று, தாழ்ப்பாளில் கை வைக்காமல் திரும்பி வந்ததை நான் மாடியிலிருந்து பார்த்தேன்.

எட்டு வீடும் வாக்குக் கொடுத்தாகிவிட்டது, வக்கீலுக்கு வேறு வழி இல்லை. கேரவன் வீதியை விட்டுத் திரும்பிய சாயங்காலம் அது எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, பழனாத்தாள் போட்ட சாக்கை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்தது. அதே நேரத்தில் ஈஸ்வரமூர்த்தி வீட்டு மாட்டுக்கொட்டகையிலும் வர்கீஸின் மாவு மூட்டைகளுக்கு நடுவிலும் ஜமீலா டீச்சரின் தையல்மிஷின் அடியிலும் இன்னும் நான்கு வீடுகளிலும் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்தது. ஒவ்வொரு வீட்டிலும், நம்மைத்தானே நம்பினாள் என்ற பெருமையோடு விளக்கை அணைத்தோம்.

மறுநாள் காலையில் ஈஸ்வரமூர்த்தி நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கிழக்கே போக, ஜமீலா டீச்சர் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு மேற்கே வர, ரேஷன் கடை முக்கில் இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள். இரண்டு வக்கீலும் கல்யாண மண்டபத்தில் சந்தித்துக்கொண்ட தூரத்து உறவுக்காரர்கள் மாதிரி ஒன்றையொன்று லேசாக மோந்து பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டன. ஈஸ்வரமூர்த்தியின் முகம் சிறுத்துப்போயிற்று.

"ஏனுங் டீச்சர், உங்ககிட்டயும் சொன்னாங்களாங்?"

"எங்கிட்ட மட்டுந்தான் சொன்னாங்கன்னு இருந்தனுங்" என்றாள் டீச்சர்.

அன்றைக்குப் பொழுதுக்குள் எட்டு வீடும் ஒன்றுக்கொன்று கேட்டுத் தெரிந்துகொண்டு எட்டு வீடும் ஒரே மாதிரி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டோம். ஆனாலும் வந்த நாயை வெளியே அனுப்பமுடியுமா? ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான்.

அடுத்த சிக்கல் சாப்பாட்டில் வந்தது. வர்கீஸ் வீட்டில் விடியற்காலையில் ரொட்டியும் முட்டையும் போட்டுவிட்டார்கள் என்றால் மற்ற ஏழு வீட்டிலும் வக்கீல் ஏப்பம் விட்டுக்கொண்டு சோற்றுத் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது, ஏனென்றால் உடம்பு எட்டானாலும் வயிறு ஒன்றுதான். வீட்டுக்கு விருந்தாக வந்த உறம்பரை சாப்பிடாமல் படுத்துக்கொண்டால் எங்கள் பெண்களுக்கு அதைவிட அவமானம் இல்லை. நாங்கள் போட்டது அதற்குப் பிடிக்கவில்லையா, பேக்கரிக்காரர் வீட்டு முட்டைதான் இனிக்கிறதா என்று பழனாத்தாள் என்னிடம் பாய்ந்தாள். ஈஸ்வரமூர்த்தி வீட்டு அம்மிணி போட்டிக்குக் கறிச்சோறு ஆக்கி அதிகாலையிலேயே போட்டுவிட, அன்று முழுக்க எட்டு நாயும் மல்லாந்து கிடந்தன. மாட்டு டாக்டர் வந்து எங்கள் வீட்டு நாய்க்கு ஓர் ஊசி போட்டார், வீதி நெடுக எட்டு வாசலிலும் ஒரே கத்தல். டாக்டர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "அப்ப ஒரு சீட்டுப் போதும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் வேறு வழியில்லாமல் நாங்கள் பேசிக்கொள்ள ஆரம்பித்தோம். தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் முகம் கொடுக்காமல் இருந்த பழனாத்தாளும் வர்கீஸின் வீட்டம்மா மேரிக்குட்டியும் மதில் மேல் எட்டி, உங்க வீட்டில் எத்தனை பிடி போட்டீர்கள், நான் இப்போது ஒரு பிடி போடட்டுமா என்று கேட்டுக்கொண்டார்கள். காலையில் வீட்டுக்கு ஒரு பிடி, ராத்திரி வீட்டுக்கு ஒரு பிடி என்று ஏற்பாடாயிற்று. ஜமீலா டீச்சர் வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்து அதற்கு வக்கீல் சாப்பாடு என்று பெயர் வைத்தாள், அதில் சாப்பாட்டைப் பற்றி ஒரு செய்தி வந்தால் யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டுக் குக்கர் கேஸ்கட் போய்விட்டது என்று பத்துச் செய்தி வந்தது. பக்கத்து வீதிக்காரர்கள் எட்டு நாயை வேடிக்கை பார்க்க வந்தால், "எட்டெல்லாம் இல்லீங், ஒண்ணுதானுங், எட்டுப் பக்கம் இருக்குது" என்று எங்கள் பிள்ளைகள் விளக்கம் சொன்னார்கள். வந்தவர்கள் தலையாட்டிவிட்டு டீ குடித்துப் போனார்கள்.

எல்லாம் ஒழுங்காகப் போனது, மத்தியானத்தைத் தவிர. உச்சிவெயில் ஏறியதும் எட்டு வீட்டு வக்கீலும் எழுந்து சோம்பல் முறித்து, கயிற்றிலிருந்து தலையை உருவிக்கொண்டு, வரிசையாக நடந்துபோய் நாகரத்தினத்தின் பச்சைக் கேட் முன்னால் படுத்துக்கொண்டன. கூப்பிட்டால் காதைக்கூட அசைக்கவில்லை. முதல் நாள் நாகரத்தினம் கேட் வரைக்கும் வந்தாள். எட்டு நாயைப் பார்த்தாள், எட்டுக்கும் பின்னால் கயிறும் கையுமாக நின்ற எங்கள் அத்தனை பேரையும் பார்த்தாள், தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பொழுது சாய்கிற வரைக்கும் அவை எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி எந்த வீட்டிலும் வக்கீல் ஒரு பிடிகூடச் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. கறி போட்டும் பார்த்தோம், கருவாடு போட்டும் பார்த்தோம், மேரிக்குட்டி கேக்கைப் பாலில் நனைத்து ஊட்டிக்கூடப் பார்த்தாள். மூன்றாம் நாள் பழனாத்தாள் அதைத் தடவிக்கொண்டிருந்தவள் திடீரென்று கையை எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். நாயின் விலாவுக்கு ஊடாக அதற்குப் பின்னால் இருந்த சாக்கின் கோடுகள் தெரிந்தன. மற்ற வீடுகளில் விசாரித்தோம், எல்லா இடத்திலும் அப்படித்தான், அதன் வழியாகத் தரையும் மாட்டுக்குளம்பும் தையல்மிஷின் பெடலும் தெரிந்தன. குரைப்புக்கூட அடுத்த வீதியிலிருந்து வருவது மாதிரிதான் கேட்டது. நாங்கள் பயந்துபோனோம்.

மறுநாள் காலையில் ஈஸ்வரமூர்த்தி வீட்டுக் கொட்டகையில் கயிறு மட்டும் கிடந்தது. ஐம்பத்தெட்டு வயது மனுசன், ஊருக்கே பால் அளக்கிறவர், வெறும் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு வீதியில் நின்று அழுதார். அதற்கு அடுத்த நாள் வர்கீஸ் வீட்டில் இல்லை. அப்புறம் கடைசி வீட்டில் இல்லை. ஒரு நாள் விடியும்போது எங்கள் வீட்டுச் சாக்கும் காலியாக இருந்தது, பழனாத்தாள் அந்தச் சாக்கை உதறவும் விடவில்லை, மடிக்கவும் விடவில்லை. மிச்சமிருந்தவை மட்டும் மத்தியானமானால் தள்ளாடிக்கொண்டு போய் அதே கேட் முன்னால் படுத்தன.

அது ஏன் அங்கேயே போகிறது என்பது எங்களுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. எட்டு வீட்டுக்குச் சொல்லி ஒன்பதாவது வீட்டை விட்டுவிட்டாளே, அந்தக் குறை நாய்க்கே பொறுக்கவில்லை என்று ஈஸ்வரமூர்த்தி சொன்னார், எங்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. எல்லோருமாகச் சேர்ந்து நாகரத்தினத்தின் வீட்டுக்குப் போனோம். உட்காரச் சொன்னாள், மோர் கொடுத்தாள், கண் சிவந்திருந்தது.

"நீங்க ஒரு வாய் கூப்புட்டுப் போட்டீங்கன்னா அது எந்திரிச்சுருமுங் அக்கா" என்று ஜமீலா டீச்சர் கெஞ்சினாள்.

"சொன்ன ஊடு எட்டு இருக்குதல்லங். எங்கூடு சொல்லாத ஊடு" என்றாள் நாகரத்தினம். "அவளுக்கு உசிரே அந்த நாய்தான். நாளைக்கு அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, உங்களை யாரு தொடச் சொன்னாங்கன்னு கேப்பா. நாயிக்குச் சொந்தக்காரி வந்து கேக்கோணும்."

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு உயிர் கண் முன்னால் கரைந்துகொண்டிருக்கிறது, இவளுக்கு இப்போது மரியாதை கேட்கிறதா என்று வாய்விட்டே சொன்னேன். பழனாத்தாள் என்னை முறைத்தாள். "பட்டுச்சீலையோட உக்காந்திருந்தது அவங்கதானுங், நீங்க இல்லீங்" என்றாள்.

ஜமீலா டீச்சர் கருணாம்பிகையைப் போனில் பிடித்தாள். அதுவரைக்கும் கருணாம்பிகை கூப்பிடும்போதெல்லாம் நல்லா இருக்குதுங், நல்லா இருக்குதுங் என்று எட்டு வீடும் பொய் சொல்லிக்கொண்டிருந்தோம், போகிற இடத்தில் மனசு கெட்டுப்போகக் கூடாதே என்று. இப்போது டீச்சர் வீடியோ காலில் போனைத் திருப்பி நாயைக் காட்டினாள். கடைசியாக மிஞ்சியிருந்தது டீச்சர் வீட்டு நாய் ஒன்றுதான், அதன் முகத்துக்கு ஊடாகச் சுவரில் தொங்கிய காலண்டரின் தேதி தெரிந்தது. கருணாம்பிகை ஐயோ அப்பாவென்று கத்தவில்லை. "எதிரூட்டு வாசல்ல படுக்குதுங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றோம். "போனை அக்காகிட்டக் குடுங்" என்றாள்.

டீச்சர் ஓடிப்போய்ப் பச்சைக் கேட்டின் கம்பிக்கு ஊடாகப் போனை நீட்டினாள். நாகரத்தினம் அதைத் தொடவில்லை.

"அன்னைக்கும் போன்லதான்" என்று மட்டும் சொன்னாள்.

அது கருணாம்பிகைக்குக் கேட்டது. அந்த நேரத்தில் கேரவன் திருச்செந்தூருக்குள் நுழைந்துகொண்டிருந்ததாம், காற்றில் உப்பு வாசம் வந்துவிட்டதாம், இன்னும் இரண்டு வளைவு திரும்பினால் கடல் தெரியும் என்று மௌனகுருசாமி சொல்லிக்கொண்டிருந்தாராம். அவள் போனை வைத்துவிட்டு, "வண்டியத் திருப்புங்" என்று சொன்னாள். இருபது வருடமாக யாரோ ஓட்டச் சொன்ன இடத்துக்கெல்லாம் ஓட்டிய மனுசன் ஏன் என்று கேட்காமல் திருப்பினார். நடிகர்களுக்காக ஆடாமல் அசையாமல் போகவேண்டும் என்று கட்டிய வண்டி அது, அவசரத்துக்குப் பழக்கமில்லை, வழியெல்லாம் கண்ணாடியைச் சுற்றியிருந்த பல்புகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழ, ஊறுகாய் பாட்டில் கட்டிலுக்கு அடியில் உருள, அவள் முன்சீட்டில் கண்ணாடிக்கு வெகு பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிடாமல் தூங்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் உச்சிவெயிலில் கேரவன் வீதிக்குள் நுழைந்தபோது ஜமீலா டீச்சர் வீட்டு வக்கீல் பச்சைக் கேட் முன்னால் கிடந்தது, கிடந்தது என்பதைக்கூடச் சாய்ந்து பார்த்தால்தான் சொல்லமுடியும், நேராகப் பார்த்தால் வெறும் மண்தான் தெரிந்தது. வண்டியைக் கண்டும் அது நடுங்கவில்லை. நடுங்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. கருணாம்பிகை அதன் பக்கத்தில் உட்கார்ந்து கையை வைத்தாள், கை மண்ணில் பட்டது. எழுந்து தன் வீட்டைத் திறந்து உள்ளே போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, பழத்துக்கு எங்கே போவது என்று பார்த்து, எங்கள் வீட்டிலிருந்து பழனாத்தாள் ஓடிப்போய்க் கொடுத்த சீப்பை வாங்கி வைத்துக்கொண்டு, கசங்கிய புடவையும் கலைந்த தலையுமாக வீதியைத் தாண்டினாள். வீதியே வாசலில் நின்றது.

தாழ்ப்பாளைத் தட்டினாள். நாகரத்தினம் வந்து கேட்டைத் திறந்தாள். இருவரும் ஒருவரையொருவர் இவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனையோ காலமாயிற்று, இருவருக்கும் தலை நரைத்திருந்தது.

"அக்கா" என்றாள் கருணாம்பிகை. தட்டை நீட்டிக்கொண்டு மறுபடி சொன்னாள். "அக்கா, நாங்க ரண்டு பேரும் ஊருக்குப் போறமுங். திரும்பி வர்ற வரைக்கும் வக்கீலை நீங்கதான் பாத்துக்கோணும். இதை மொதல்ல உங்ககிட்டத்தான் வந்து சொல்லியிருக்கோணும். அன்னைக்கு வீட்டு விசேசத்துக்கும் மொதல்ல உங்க வாசலுக்குத்தான் வந்திருக்கோணும். சொந்தந்தானேன்னு இருந்துட்டனுங். தப்புத்தானுங்."

நாகரத்தினம் தட்டை வாங்கிக்கொண்டாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். உள்ளே போனவள் சற்று நேரம் கழித்து ஓர் அலுமினியக் கிண்ணத்தில் தயிர்ச்சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு வந்தாள், புதுக்கிண்ணம் இல்லை, நாக்குப் பட்டுப் பட்டு விளிம்பெல்லாம் மழுங்கிப்போன கிண்ணம். அதை மண்ணில் வைத்து, "வாடா கண்ணு, வா" என்றாள்.

முதலில் சோறு குறைவதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்புறம் ஒரு நாக்கு தெரிந்தது, கறுத்த மூக்கு தெரிந்தது, இரண்டு காது, புழுதி படிந்த முதுகு. எட்டு வீட்டிலும் காணாமல் போனதெல்லாம் ஒவ்வொரு வாய்க்கும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொள்ள, கடைசியில் வாலும் வந்து அது அடித்துக்கொள்ளத் தொடங்கியபோது, ஈஸ்வரமூர்த்தி ஒரு பக்கம் மூக்கைச் சிந்தினார், வர்கீஸ் மாலை மாட்டிய படத்தைக் கும்பிடுகிற மாதிரி வானத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். நானும்தான் அழுதேன், சொல்ல என்ன வெட்கம்? வக்கீல் கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டு, எங்கள் எல்லோரையும் பார்த்து ஒரு பதில் குரைத்தது.

"கடலைப் பாக்காமயே திரும்பீட்டீங்களாமா. போயிட்டு வாங், நான் பாத்துக்கறேன்" என்றாள் நாகரத்தினம். சொல்லிவிட்டும் அவள் நகரவில்லை. கிண்ணத்தை எடுத்து முந்தானையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். "கருணா, உன்றகிட்ட ஒண்ணு சொல்லோணும், கோவிச்சுக்காத. இது குட்டியா வந்த நாள்ல இருந்து மத்தியானச் சோறு எங்கூட்லதான் திங்குது. நீ சித்தெ கண்ணசர்ற நேரத்துக்குப் எங்கூட்டுப் பொறக்கால பின்சந்து வழியா வந்துரும். ஆறு வருசமா உனக்குத் தெரியாமப் போட்டுட்டு இருந்தேன். உன்ற மேல இருந்த வெசனத்துல உன்ற நாயையாச்சும் பங்கு வாங்கிக்கலாம்னு இருந்துட்டேன்."

கருணாம்பிகை தலையைக் குனிந்து வக்கீலின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருந்தாள்.

"தெரியுமுங் அக்கா" என்றாள். "தெரிஞ்சுதானுங், மத்தியானத்துக்கு நான் அதுக்குச் சோறே வெச்சதில்லீங்."